தேர்வில்லாமல் ஓர் இடம்

கிராஸ்னிஸ்தாஃப்
6 மார்ச் 1994

அன்புள்ள அதேலா பெரியம்மாவுக்கு,

போக்னா எழுதுகிறேன். நீங்களும், பனியில் வழுக்கிச் சுளுக்கிக்கொண்ட உங்கள் கணுக்காலும் நலம்தானா? அந்தக் காலோடு அப்பாவின் பெயர்ப் புனிதர் திருநாள் விருந்துக்காக லூப்ளினிலிருந்து பேருந்தில் வந்தீர்களே, அதை அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்கு இருமல். மற்றபடி நாங்கள் சுகம்.

விருந்தில் நீங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள்: “செப்டம்பர்ல போக்னா நான் நடத்துற ஸ்கூலுக்கு வந்துடட்டும். இடம் வெச்சிருக்கேன். ஃபீஸ் வேணாம், பரீட்சையும் வேணாம்.” எல்லோரும் கைதட்டினார்கள். ஒரே மேசையில் ஒன்பது பேர் ஒன்றாகப் பேசினால் நான் ஊமையாகிவிடுகிறேன். அதனால் எழுதுகிறேன்.

பெரியம்மா, நான் எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தேர்வு எழுத விரும்புகிறேன். மொழியும் வரலாறும் படிக்கும் மனிதவியல் வகுப்பில் முப்பத்தாறு இடங்கள். அதற்குத் தொண்ணூறு பேராவது எழுதுவார்கள் என்று எங்கள் வகுப்பாசிரியர் ஸரெம்பா சார் சொல்கிறார். அந்தத் தொண்ணூறு பேரில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். இந்த ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அதிகப் புத்தகம் எடுத்தவள் என்று நூலகத்தில் இரண்டு முறை என் படத்தை ஒட்டினார்கள். ரொட்டிக் கடையில்கூட என்னைப் புத்தகப்புழு என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் என்னைத் தெரியாத ஒருவர் என் விடைத்தாளைப் படித்ததே இல்லை.

அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“கையில இடத்த வெச்சுக் குடுக்கிறாங்க. நீ போய் வரிசையில நிப்பியா?” என்றாள்.

“நின்னா என்னம்மா?”

“நின்னா என்னவா! நின்னவங்களைக் கேளு.”

அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, “அரசு ஸ்கூல்னா வாத்தியார் நம்மளத் திட்டுவார். தனியார் ஸ்கூல்னா நாம வாத்தியாரத் திட்டலாம். வேற வித்தியாசம் இல்ல” என்றார். அம்மா சிரிக்கவில்லை.

நன்றி கெட்டவள் என்று என்னை நினைக்காதீர்கள். காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்புள்ள,
போக்னா

*

லூப்ளின்
15 மார்ச் 1994

என் செல்லம் போக்னா,

கணுக்கால் வீக்கம் இறங்கிவிட்டது; என் கோபமும்தான். ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன், மறைக்க மாட்டேன். இர்மினாவின் இருமலுக்குத் தேனும் வெங்காயச் சாறும் கொடு. வேண்டாம் என்பாள். கொடு.

எங்கள் பள்ளியை நீ இன்னும் பார்க்கவில்லை. முன்பு அது மழலையர் பள்ளியாக இருந்த கட்டடம். கைகழுவும் தொட்டிகள் இன்னும் முழங்கால் உயரத்தில்தான் இருக்கின்றன. பெரிய பையன்கள் கும்பிடுவதுபோலக் குனிந்து கை கழுவுகிறார்கள். வகுப்புக்குப் பன்னிரண்டு பேர்தான். யாரும் பின் வரிசையில் ஒளிய முடியாது, ஏனென்றால் பின் வரிசையே இல்லை. தினமும் ஆங்கிலம். இரண்டு கணினிகள், அதில் ஒன்று வேலை செய்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு வகுப்புக்கு முப்பத்தாறு பேர். நீ என்ன நினைக்கிறாய் என்று அங்கே வருடத்துக்கு இரண்டு முறை கேட்டால் அதிகம். நான் அங்கே படித்தவள். தெரிந்துதான் சொல்கிறேன்.

மற்றவர்களுக்கு மே மாதம் நுழைவுத் தேர்வு உண்டு. உனக்கு எதற்கு? நாலு வயதில் மருந்துச் சீட்டையே எழுத்துக் கூட்டிப் படித்தவள் நீ. எங்கள் போலிஷ் ஆசிரியை ஸோஃபியா டீச்சரிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். யோசி. அவசரம் இல்லை.

உன் அம்மாவை அணைத்துக்கொள்.
அதேலா பெரியம்மா

*

கிராஸ்னிஸ்தாஃப்
4 ஏப்ரல் 1994, ஈஸ்டர் திங்கள்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். இருமல் போய்விட்டது, வெங்காயச் சாற்றை அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். நீங்கள் அனுப்பிய கசகசா கேக்கை அப்பா ஒருவரே பாதி தீர்த்தார். இன்று காலை ஈஸ்டர் திங்கள் வழக்கப்படி ஒரு வாளித் தண்ணீரை என் மேல் ஊற்றிவிட்டு, “இதுவும் இலவசம்தான், பரீட்சை கிடையாது” என்றார்.

நீங்கள் யோசிக்கச் சொன்னீர்கள். யோசித்தேன். பன்னிரண்டு பேர், தினமும் ஆங்கிலம், என்ன நினைக்கிறாய் என்று கேட்கும் ஆசிரியர்கள், எல்லாம் எனக்குப் பிடித்திருக்கிறது. குட்டித் தொட்டிகள்கூடப் பிடித்திருக்கின்றன. உங்கள் பள்ளி மோசம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் மற்ற பதினொரு பேர் தேர்வு எழுதி உள்ளே வருவார்கள். நான் மருந்துச் சீட்டுப் படித்ததற்காக உள்ளே வருவேன். அவர்களுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

இன்னொன்று கேட்கலாமா? அம்மா அந்த அரசுப் பள்ளியின் வாசலைக் கடந்து நடப்பதே இல்லை. போன வாரம்தான் கவனித்தேன். ரொட்டிக் கடை வந்ததும் சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள். தபால் நிலையம் பள்ளியின் பக்கத்தில் இருக்கிறது, ஆனாலும் எதிர்ப்பக்கம் போய்விட்டுத் திரும்ப இந்தப் பக்கம் வருகிறாள். ஏன் என்று கேட்டால், “அங்க தரை சரியில்ல” என்கிறாள். தரை நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் இருவரும் தொடக்கப் பள்ளியை ஒன்றாக முடித்தவர்கள்தானே, உங்களுக்குத் தெரியுமா?

அன்புடன்,
போக்னா

*

லூப்ளின்
22 ஏப்ரல் 1994

அன்பு போக்னா,

கேக் பிடித்ததில் மகிழ்ச்சி. அடுத்த முறை இரண்டு செய்கிறேன், ஒன்றில் உன் அப்பாவின் பெயரை எழுதி.

இங்கே கூரை ஒழுகி, தச்சர் வந்து, தச்சர் கால் வைத்ததும் இன்னொரு இடம் ஒழுகி, ஒரு வாரம் ஓடிவிட்டது. மாடிப் படிக்கட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறோம். பச்சை வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். இப்போது எல்லோரும் பச்சைதான் சரி என்கிறார்கள். உனக்கு ஒரு நீல ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருக்கிறேன். கை நீளம் அளந்து எழுது.

என் பள்ளியின் கதவு திறந்தே இருக்கிறது. அதை மட்டும் மறந்துவிடாதே.

முத்தங்களுடன்,
அதேலா பெரியம்மா

*

கிராஸ்னிஸ்தாஃப்
14 மே 1994

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

தச்சரும் கூரையும் நலமா? தோளிலிருந்து மணிக்கட்டுவரை என் கை ஐம்பத்தாறு சென்டிமீட்டர்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. மறந்திருக்கலாம். மறுபடி கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

சேர்க்கைப் படிவங்கள் வந்துவிட்டன. ஸரெம்பா சார் வகுப்பில் சத்தமாகச் சொன்னார்: “ஒருத்தருக்கு ஒரு உறை. ஒரு உறை ஒரே ஸ்கூலுக்குத்தான் போகும். உள்ள இருக்கிற உடல்நல அட்டைக்கு நகல் கிடையாது. தொலைச்சா நர்ஸம்மா உங்களத் திரும்பக் குழந்தையிலேர்ந்து அளக்கணும்.” எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, என் உறையை மேசைக்குள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தில் ‘அரசு உயர்நிலைப் பள்ளி, மனிதவியல்’ என்று எழுதினேன். அப்பா உடனே கையெழுத்துப் போட்டார். அம்மா ஞாயிறு முழுவதும் உறையை அலமாரி மேல் வைத்திருந்தாள். திங்கட்கிழமை, “நானே குடுத்துடறேன், தையல்கூடத்துக்கு வேலைக்குப் போற வழிதானே” என்றாள். மாலையில் கேட்டேன்.

“குடுத்துட்டியாம்மா?”

“குடுத்தாச்சு.”

“யாருகிட்ட?”

“குடுக்க வேண்டிய எடத்துல.”

அவளே அந்த வாசலுக்குப் போனாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தினமும் பத்துக் கணக்குப் போடுகிறேன். வடிவியல்தான் என்னைப் பார்த்து முறைக்கிறது.

அன்புடன்,
போக்னா

*

கிராஸ்னிஸ்தாஃப்
27 மே 1994, வெள்ளி
விரைவுத் தபால்

பெரியம்மாவுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு முறை தள்ளிவைக்கிறேன், மன்னியுங்கள்.

இன்று தேர்வு எண் வாங்க அரசுப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். செயலர் அம்மா பெட்டியில் இரண்டு முறை தேடினார். “உன் உறை வரவே இல்லியேம்மா” என்றார். விண்ணப்பம் வாங்குவது செவ்வாய்க்கிழமை மூன்று மணியோடு முடிகிறது.

அம்மாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அவள் இன்னொரு முறை பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். என் உறை உங்களிடம் இருக்கிறதா? ஒரு மாதமாக உங்கள் கடிதமும் வரவில்லை. நீங்கள் இப்படி இருந்ததே இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறு பத்துக்குக் கிளம்பும் பேருந்தில் வருகிறேன். வேண்டாம் என்று எழுதினாலும் அது நான் கிளம்பிய பிறகுதான் வந்து சேரும்.

போக்னா

*

லூப்ளின்
30 மே 1994
(போக்னா கையில் கொடுத்தனுப்புவது)

என் தங்கை இர்மினாவுக்கு,

இதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

உறையை அவளிடம் கொடுத்துவிட்டேன். காலை எட்டு மணிக்கு அந்தப் பச்சைப் படிக்கட்டில் வந்து நின்றாள். “குட் மார்னிங் பெரியம்மா, என்னோட உறைய வாங்கிட்டுப் போக வந்தேன்” என்றாள். அழவில்லை, கத்தவில்லை. தேநீர் கொடுத்தேன். “குடிச்சா ஒம்பது மணி பஸ் போயிடும்” என்று நின்றுகொண்டே சொன்னாள். எனக்கு அறுபது மாணவர்களைச் சமாளிக்கத் தெரியும், இர்மினா. இவளுக்கு முன்னால் பாதித் தேநீரை மேசையில் ஊற்றினேன்.

நீ உறையோடு வைத்திருந்த சீட்டில், ‘அவளுக்குத் தெரிய வேண்டாம், வெச்சுக்கோ’ என்று எழுதியிருந்தாய். வைத்துக்கொண்டேன். அவளுக்கு நான் பொய் எழுதவில்லை. எழுதாமல் இருந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று இன்று காலையில் புரிந்தது. முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். புதிய வகுப்பு தொடங்கப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்று கல்வி அலுவலகம் கேட்கிறது. என்னிடம் பதினொருவர். பன்னிரண்டாவது இடத்தில் அவள் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். ஆக, நான் செய்தது உனக்காக மட்டும் இல்லை.

அறுபத்தேழாம் வருடம் அரசுப் பள்ளியின் முடிவுப் பலகை முன்னால் நாம் இருவரும் நின்றோம். நுரையீரல் காய்ச்சலில் எனக்கு ஒரு வருடம் போனதால் இருவரும் ஒன்றாக எழுதினோம். என் பெயரைப் பார்த்ததும் துள்ளினேன். அப்பாவிடம் சொல்ல வீடுவரை ஓடினேன். நீ பின்னால் வருகிறாயா என்று பார்க்கவில்லை. நீ வந்து, “எனக்குத் தையல்தான் பிடிக்கும்” என்றாய். எல்லோரும் நம்பினார்கள். நம்புவது எனக்கும் வசதியாக இருந்தது.

அவள் அங்கே நிற்கட்டும் இர்மினா. நீ அவளோடு போ.

உன் அக்கா,
அதேலா

*

கிராஸ்னிஸ்தாஃப்
1 ஜூன் 1994

அதேலா,

நலம். நீயும் நலமாக இருப்பாய்.

நேற்று உறையைக் கொடுத்தாயிற்று. நான் கொடுக்கும்போது என் மகள் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், திருடியைப் பார்ப்பதுபோல. செயலர் முத்திரை குத்திய பிறகுதான் மூச்சு விட்டாள்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. ஸ்வெட்டரை முடித்தால் அனுப்பு, அவளுக்குக் குளிரும்.

இர்மினா

*

கிராஸ்னிஸ்தாஃப்
29 ஜூன் 1994

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? கோடை மழையில் கூரை தாங்குகிறதா? நீல ஸ்வெட்டர் வந்தது. கை சரியாக இருக்கிறது; இந்த வெயிலில் கண்ணாடி முன்னால் மட்டும் போட்டுப் பார்த்தேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நான் தேறவில்லை. போலிஷில் நாற்பத்திரண்டு, கணிதத்தில் இருபத்தொன்பது, மொத்தம் எழுபத்தொன்று. கடைசியாக எடுக்கப்பட்ட பெண்ணுக்கு எழுபத்துமூன்று. ஒரு சரிவகத்தின் சாய்ந்த பக்கங்கள் இரண்டும் சமம் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். கேள்வியில் அப்படி இல்லை. மிக அழகாக வரைந்திருந்தேன்.

பட்டியல் பார்க்க அம்மாவும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. ரொட்டிக் கடை வந்ததும் சாலையைத் தாண்டுவாள் என்று காத்திருந்தேன். தாண்டவில்லை. கூட்டத்தில் என்னை முன்னால் விட்டுப் பின்னால் நின்றாள். நான் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவள் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடி மேல் விரலை வைத்து, முப்பத்தாறு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“இல்லம்மா. நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

“நான் அன்னிக்கு மூணு தடவ பாத்தேன்” என்றாள். பிறகு, “உக்காரணும்போல இருக்கா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம்.”

“எனக்கும்தான். இப்ப என்ன பண்றது?”

அம்மா என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. எதிரே ஒரு கிழவி செர்ரி விற்றுக்கொண்டிருந்தார். “செர்ரி வாங்கலாம்” என்றேன். அரைக் கிலோ வாங்கி, பள்ளிக்கு நேர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். ரொட்டிக் கடைக்காரம்மா வந்தார்.

“என்ன புத்தகப்புழு, பாஸ்தானே?”

நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள்: “ரெண்டு புள்ளி பத்தல. தொண்ணூத்தி நாலு பேர் எழுதினாங்க. இவ முப்பத்தி ஒம்போதாவது.” அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் பெரியம்மா. ஏதோ நான் முதலாவதாக வந்ததுபோல. பிறகு அழுதேன், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு, கொஞ்ச நேரம்தான்.

நான் தெரிந்துகொள்ள விரும்பியது தெரிந்துவிட்டது. முப்பத்தொன்பது. பிடிக்கவில்லை, ஆனால் அது என்னுடையது.

இனி கேட்கப்போவது முக்கியம். நான் கையில் கொண்டுவந்த உங்கள் கடிதத்தை அம்மா இரண்டு வாரம் கழித்து என்னிடம் படிக்கக் கொடுத்தாள். உங்களுக்குப் பன்னிரண்டாவது ஆள் தேவை என்று தெரியும். அம்மா இன்றே தபால் நிலையத்திலிருந்து உங்களுக்குத் தொலைபேசியில் பேசக் கிளம்பினாள். நான்தான் நிறுத்தினேன். எனக்கு உங்கள் பள்ளியில் படிக்க ஆசை, இப்போது உண்மையாகவே. ஆனால் மே மாதம் மற்றவர்கள் எழுதியது போல எனக்கும் தேர்வு வையுங்கள். என்னைத் தெரியாதவர்கள் திருத்தட்டும். தேறினால் சேர்கிறேன். தேறாவிட்டால் இங்கே பொருளாதாரத் தொழிற்பள்ளியில் ஆகஸ்டுவரை இடம் இருக்கிறது, அங்கே போகிறேன். எண்ணிக்கைக்காக என்னைச் சேர்த்துக்கொண்டால், நாலு வருடமும் வகுப்பில் நான் எண்ணிக்கையாகத்தான் உட்கார்ந்திருப்பேன்.

முடியாது என்றாலும் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள்,
போக்னா

அப்பா சேர்க்கச் சொன்னது: “நேர்மை எல்லாம் சரி, கசகசா கேக் எப்போ?”

*

லூப்ளின்
4 ஜூலை 1994

விண்ணப்பதாரர் போக்னாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். வீட்டில் அனைவரும் நலம் என அறிந்து மகிழ்ச்சி.

உன் தேர்வு ஜூலை 15, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. மே மாதத் தேர்வைப் பதினெட்டுப் பேர் எழுதினார்கள், பதினொருவர் தேறினார்கள். நூற்றுக்கு அறுபத்தைந்து வேண்டும். உனக்கும் அறுபத்தைந்துதான், அறுபத்து நான்கு போதாது. போலிஷை, ஸோஃபியா டீச்சர் உன்னைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பதால், அவர் திருத்த மாட்டார். வேறு பள்ளியிலிருந்து ஒருவரை வரச் சொல்லியிருக்கிறேன். கணிதம் திருத்துபவர் பாலங்கள் கட்டும் ஒரு பொறியாளர். யார் மகள் என்றும் கேட்க மாட்டார், யாரையும் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார். தாளில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். வடிவியல் கட்டாயம் உண்டு.

நீலப் பேனா, அளவுகோல், மூலைமட்டம் கொண்டு வா. முந்தின நாள் என் வீட்டில் தங்க வேண்டாம். மற்றவர்கள் பேருந்தில்தான் வந்தார்கள்.

கல்வி அலுவலகத்திலிருந்து நேற்று ஒருவர் வந்து எத்தனை பேர் என்று கேட்டார். பதினொன்று என்றேன். பென்சிலால் எழுதியிருந்ததை அழித்துவிட்டேன். நீ தேறாவிட்டால் பதினொரு பேரோடு அந்த அலுவலகத்தின் படியில் போய் உட்காருவேன். அது என் வேலை; உனக்கு அதில் பங்கு இல்லை. அதை நினைத்துக்கொண்டு ஒரு கணக்குக்கூடப் போடாதே.

முடிவு அன்று மாலை நான்கு மணிக்கு வாசல் கதவில் ஒட்டப்படும். இர்மினாவையும் கூட்டி வா. பட்டியலில் என்ன இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்திருக்கும். அதனால் நான் கதவைப் பார்க்க மாட்டேன். அவள் பக்கத்தில் நிற்பேன். இருபத்தேழு வருடம் தாமதம் என்று திட்டுவாள், திட்டட்டும்.

நீ எழுதும் அறைக்கு நான் வர மாட்டேன். வழியில் என்னைப் பார்த்தால் வணக்கம் சொன்னால் போதும், கட்டிப்பிடிக்கக் கூடாது.

இப்படிக்கு,
தலைமையாசிரியை அதேலா

(பெரியம்மா அன்று நான்கு மணிக்குப் பிறகுதான் வருவாள்.)